மகனூரில் ஒரு சிவப்பு டிராகன்

வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளின் மார்ச் 1 விழாவை மோகனூர் மொட்டைமாடியில் நடத்திப் பார்த்த கதை

மார்ச் 1-க்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போதே அக்கா மகள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். எட்டு வயது. கார்டிஃப் நகரத்தில் வெல்ஷ் மொழிவழிப் பள்ளியில் படிக்கிறாள். மாசி முகூர்த்தத்தில் தாய்மாமனுக்குக் கல்யாணம் என்று மோகனூர் வந்திருந்தாள். மருதாணி, வாழையிலைச் சாப்பாடு, ஆற்று மணல் எல்லாமே பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அவள் வகுப்பில் இருந்தாக வேண்டுமாம்.

"அன்னிக்கு எல்லாரும் கறுப்புத் தொப்பி போட்டுட்டு வருவாங்க சித்தி. நான் மட்டும்தான் இருக்க மாட்டேன்."

"அப்படி என்ன கண்ணு விசேஷம்?" என்றார் அம்மாயி.

"தெவி சாந்த்."

"தேவியா? எந்தக் கோயிலு தேவி, சாமி?"

சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. தெவி என்பது டேவிட். ஆறாம் நூற்றாண்டில் வேல்ஸில் வாழ்ந்த துறவி, அந்த நாட்டின் காவல் புனிதர். மார்ச் 1 அவர் இறந்த நாள். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காதவர் என்பதால் அவருக்குத் 'தண்ணீர்க்காரர்' என்றே ஒரு பெயர் உண்டு. ஒருமுறை கூட்டத்தில் பின்வரிசைக்காரர்களுக்கு அவர் பேச்சு கேட்கவில்லையாம். உடனே அவர் நின்ற இடம் தானாக உயர்ந்து குன்றாகிவிட்டது என்பது கதை. அம்மாயிக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "சாமி நின்னா எடம் மலையாத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு, காந்தமலை முருகன் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தோம். விழாவை இங்கேயே நடத்திவிடுவது. தெருப் பிள்ளைகள் பதினோரு பேர், மொட்டைமாடி, சாயங்காலம் ஐந்து மணி.

வெளிநாட்டு விழா என்றால் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் 'உலகப் பண்பாடு' என்ற பெயரில் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி, போட்டோ எடுத்து, ஐந்து நிமிடத்தில் மேடையை விட்டு இறக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. அதற்குக் காரணம் வேல்ஸ்.

வேல்ஸ் எவ்வளவு பெரிய நாடு என்று கேட்டால் நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். 2021 கணக்கெடுப்பில் அங்கே 31 லட்சம் பேர். நம் பக்கத்து சேலம் மாவட்டத்தில் 2011-லேயே 34 லட்சத்துக்கும் மேல். அதிலும் வெல்ஷ் மொழி பேசத் தெரிந்தவர்கள் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர்தான். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. பக்கத்து வீட்டில் இங்கிலாந்தும் இங்கிலீஷும் உட்கார்ந்திருக்கின்றன. இத்தனைக்கும் நடுவே அந்த மொழி இன்றும் பள்ளிக்கூட மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கிறது என்றால், அதில் இப்படிப்பட்ட பிள்ளைகள் விழாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடுப்படி.

தோசைக்கல் கேக்

வெல்ஷ் கேக்குக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரைத் தமிழில் சொன்னால் 'கல்மேல் சுட்ட கேக்'. 'அவன்' அடுப்பு வேண்டாம், கனமான இரும்புக் கல் போதும். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன ஆட்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பலகாரம் என்பார்கள். நம் தோசைக்கல்லைப் பார்த்ததும் அக்கா மகள், "பாட்டி வீட்லயும் வெல்ஷ் கல் இருக்கு!" என்று கத்தினாள்.

கால் கிலோ மைதாவில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 125 கிராம் வெண்ணெய் சேர்த்து, புட்டு மாவு போல உதிரியாகும்வரை விரலால் பிசிற வேண்டும். 80 கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், ஒரு முட்டை. முட்டைக்கும் சர்க்கரைக்கும் அலைய வேண்டியதில்லை. இது நாமக்கல் மாவட்டம்; கூட்டுறவுச் சர்க்கரை ஆலையோ ஊரிலேயே இருக்கிறது. மாவைச் சப்பாத்தியைவிடத் தடிமனாகத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, சிறு தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். முதல் ஈடு கருகிவிட்டது. தோசைக்கு வைக்கிற தீயை வைத்தது என் தப்பு. இரண்டாம் ஈட்டைக் கடித்துப் பார்த்த அம்மாயியின் தீர்ப்பு: "நம்ம கச்சாயத்துக்குத் தம்பி முறை. ஆனா வெல்லம் போட்டிருக்கோணும்."

மற்ற சாமான்களில்தான் திண்டாட்டம். வேல்ஸின் சின்னம் லீக் என்கிற வெங்காயத்தாள் வகை. போர்க்களத்தில் எதிரி யார், நம் ஆள் யார் என்று தெரிய வெல்ஷ் வீரர்கள் அதைத் தலையில் செருகிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். லீக்குக்கு மோகனூரில் எங்கே போவது? சந்தையில் வெங்காயத்தாள் கிடைத்தது. இன்னொரு சின்னம் மஞ்சள் டாஃபடில் பூ. வெல்ஷ் மொழியில் அதன் பெயருக்கு 'பீட்டரின் லீக்' என்று அர்த்தம். அதாவது பூவுக்கும் வெங்காயத்தாள் பெயர்தான். சாயங்காலத்தில் மலர்கிற மஞ்சள் பூ நம்மிடம் ஒன்று இருக்கிறதே, பீர்க்கம்பூ. வேலியிலிருந்து பறித்து ஆளுக்கொன்று சட்டையில் குத்திவிட்டோம். பெண் பிள்ளைகளுக்கு உயரமான கறுப்புத் தொப்பி சார்ட் அட்டையில். தோளில் போடுகிற கட்டம் போட்ட சால்வைக்கு அப்புச்சியின் துண்டுகள்.

இந்த 'தேசிய உடை'யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய குடியானவப் பெண்கள் உடுத்தியதுதான். ஆனால் அதைத் தேசிய உடையாகத் தூக்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் லேடி லானோவர் என்ற பணக்காரப் பெண்மணி. 1834-ல் வெல்ஷ் மொழியையும் உடையையும் காப்பாற்ற வேண்டும் என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினார். ஆக, பாதி மரபு, பாதி ஏற்பாடு. அதில் தப்பொன்றும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நம் பண்டிகைகளிலும் பாட்டிமார் கூட்டிச் சேர்த்தவை எத்தனையோ.

பிறகு கொடி. பாதி வெள்ளை, பாதி பச்சை, நடுவில் சிவப்பு டிராகன். வரைந்து முடிப்பதற்குள் எதிர்வீட்டுப் பையன், "அக்கா, இது யாளிதானே?" என்றான். கோயில் தூணில் பார்த்த கண். டிராகன் கொடிக்குப் பின்னால் இருக்கிற கதையை அக்கா மகள் சொன்னாள். ஒரு ராஜா மலைமேல் கோட்டை கட்டுகிறான். பகலில் கட்டுவது இரவில் இடிந்து விழுகிறது. தகப்பன் இல்லாத ஒரு பையனைப் பலி கொடுத்தால் நிற்கும் என்கிறார்கள் மந்திரவாதிகள். கொண்டுவரப்பட்ட பையனோ, "உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடியில் குளம் இருக்கிறது, அதில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு டிராகன்கள் சண்டை போடுகின்றன, தோண்டிப் பாருங்கள்" என்கிறான். தோண்டினால் அப்படியே இருக்கிறது. சிவப்பு ஜெயிக்கிறது.

பெரியவர்களுக்குத் தெரியாததைச் சொன்ன பிள்ளை. அப்பனுக்கே உபதேசம் செய்த முருகன் பிறந்த நாட்டில் இதை விளக்க வேண்டுமா? அதுவும் இந்த ஊரில். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளையை "மகனே" என்று பார்வதி கூப்பிட்ட இடம் மகனூர். அதுதான் வாய்மாறி மோகனூர் ஆனது என்பது இங்கே எல்லோரும் சொல்கிற தலவரலாறு. பிள்ளையின் கோபத்தால் பெயர் வாங்கிய ஊர்.

நாக்குச் சண்டை

சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு விளையாட்டு. வெல்ஷில் இரட்டை எல் எழுத்துக்கு ஒரு ஒலி உண்டு. "ல சொல்ற எடத்துல நாக்கை வெச்சுக்கோ. இப்ப சத்தம் போடாம காத்தை மட்டும் ரெண்டு பக்கமும் ஊது." பதினோரு பேரும் ஊதினார்கள். மாடி முழுக்க எச்சில். வேல்ஸில் ஊர்ப் பெயர்கள் பல இந்த ஒலியில்தான் ஆரம்பிக்கும். நமக்குப் பட்டி, பாளையம் பின்னால் வருவதுபோல அவர்களுக்கு 'லான்' முன்னால் வரும்; தேவாலயம் இருக்கிற இடம் என்று பொருள். ஆங்கிள்சி தீவில் 58 எழுத்தில் ஒரு ஊர்ப் பெயர் இருக்கிறது. 1860-களில் ரயிலில் போகிறவர்களை இறங்கிப் பார்க்க வைப்பதற்காகவே இழுத்து நீட்டிய பெயர். அதை ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள்.

பதிலுக்கு இவர்கள் அவளை 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னார்கள். "வாளப்பளம்." கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். அப்புச்சி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சும்மா இருப்பாரா? சிரித்தவர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். பதினோரு பேரில் ழகரம் வந்தது நாலு பேருக்கு.

அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சாதாரணமாகச் சொன்னான். "எங்க ஸ்கூல்ல தமிழ்ல பேசினா பத்து ரூவா ஃபைன்." பள்ளியின் பெயர் வேண்டாம். அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேனா கொண்டுவராவிட்டால் திட்டுவார்கள் என்பதுபோலத்தான் சொன்னான். அக்கா மகளுக்கு விளங்கவில்லை. அவள் பள்ளியில், மைதானத்தில் இங்கிலீஷ் பேசினால் டீச்சர் வந்து வெல்ஷில் பேசச் சொல்வாராம்.

கழுத்தில் தொங்கிய பலகை

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வேல்ஸிலும் அந்தப் பத்து ரூபாய் இருந்தது. ரூபாயாக இல்லை, பலகையாக. 'வெல்ஷ் நாட்' என்பார்கள். வெல்ஷில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுவது. அடுத்து யார் வெல்ஷில் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு அடி. இதில் கொடுமை அடியல்ல. நண்பன் எப்போது வாய் தவறுவான் என்று காத்திருக்கும்படி பிள்ளைகளை ஆக்கியதுதான். எல்லாப் பள்ளிகளிலும் இருந்த வழக்கமல்ல. சட்டம் போட்டு நடந்ததும் அல்ல. "இங்கிலீஷ் வந்தால்தான் பிழைப்பு" என்று நம்பி, பல ஊர்களில் பெற்றோரே சரி என்றார்கள். நமக்குத் தெரியாத நியாயமா?

லானுக்லின் என்ற மலையோரக் கிராமத்தில் 1858-ல் பிறந்த ஓவன் எட்வர்ட்ஸ் கழுத்திலும் அந்தப் பலகை தொங்கியது. அதை அவரே பிற்பாடு நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பையன் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர் ஆனான். ஆன பிறகு என்ன செய்தான் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 1892-ல் வெல்ஷ் மொழியில் ஒரு சிறுவர் மாத இதழ் தொடங்கினார். பெயர் 'வேல்ஸின் பிள்ளைகள்'. கதை, படம், புதிர். 1907-ல் வேல்ஸ் பள்ளிகளுக்கே தலைமை ஆய்வாளர். பலகை தொங்கிய கழுத்து, பள்ளிகளை ஆய்வு செய்ய வந்து நின்றது.

1920-ல் அவர் இறந்த பின் இதழை மகன் இஃபான் ஏற்றார். 1922 தொடக்கத்தில் அந்த இதழிலேயே ஓர் அழைப்பு வெளியிட்டார்: வெல்ஷில் பேசுவோம், விளையாடுவோம், ஒரு சங்கமாகச் சேருவோம், பெயர் அனுப்புங்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. 'இர்த்' என்ற பிள்ளைகள் இயக்கம் அப்படிப் பிறந்தது. ஒரு பத்திரிகையின் பக்கத்தில் பிறந்த இயக்கம் என்பதைப் பத்திரிகைக்காரியாக நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கோடை முகாம், ஓட்டப்பந்தயம், நாடகம், 1929 முதல் பிள்ளைகளுக்கென்று தனிக் கலைவிழா. இன்று அதில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 1939-ல் அபெரிஸ்ட்வித் நகரில் முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியை ஆரம்பித்தவரும் இஃபான்தான். முதல் நாள் வந்த பிள்ளைகள் ஏழே பேர். அந்த ஏழு பேரில் ஒருவன் அவர் மகன். பின்னாளில் 1982-ல் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவன்தான். தாத்தா கழுத்தில் பலகை, பேரன் கையில் தொலைக்காட்சி.

அந்தத் தொலைக்காட்சியும் சும்மா வரவில்லை. தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980-ல் அறிவித்தார் குவின்வர் எவன்ஸ் என்ற தலைவர். அவர் பட்டினியைத் தொடங்கும் முன்பே அரசு இறங்கி வந்தது. 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கேட்டு உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட நம் சங்கரலிங்கனாருக்கு 1956-ல் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

எல்லாம் வெற்றிக் கதை என்று எண்ண வேண்டாம். 2011-ல் 5 லட்சத்து 62 ஆயிரமாக இருந்த வெல்ஷ் பேசுவோர் கணக்கு, பத்தே வருஷத்தில் 24 ஆயிரம் குறைந்திருக்கிறது. குறைந்ததும் பெரும்பாலும் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடத்தில். 2050-க்குள் 10 லட்சம் பேர் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. தொப்பியும் கேக்கும் மட்டும் அதைக் கொண்டுவந்துவிடாது.

பலகைக்குப் பதில் பலகை

மாடியில் நடந்ததில் உச்சம் கவிதைப் போட்டி. வேல்ஸின் பெரிய கலைவிழா ஐஸ்டெத்வாட். 'உட்காருதல்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 1176-ல் ரீஸ் என்ற சிற்றரசன் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைவாணர்களையும் கூட்டி, ஜெயித்தவர்களுக்கு நாற்காலி கொடுத்தான். இன்றும் பெரும்பரிசு நாற்காலிதான். சங்கப் பலகையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. அவர்கள் கவிதையும் நம் பக்கம்தான் நிற்கிறது. அடியின் முன்பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் பின்பாதியிலும் வர வேண்டும் என்று ஒரு கட்டளை. எதுகையும் மோனையும் ஒன்றையொன்று கல்யாணம் செய்துகொண்டால் எப்படி இருக்கும், அப்படி. இந்தக் கட்டளையில் கவிஞர்கள் அணி அணியாக மோதும் வானொலிப் போட்டி 1979 முதல் நடக்கிறது. அதன் பெயருக்குச் சேவல் சண்டைக் களம் என்றும் ஒரு பொருள்.

எங்கள் நாற்காலி, அம்மாயியின் பழைய மனைப்பலகை. தலைப்பு 'ஆறு'. நாலே வரி. விதி முக்கியம்: சொந்தப் பெயர் எழுதக் கூடாது, புனைபெயர்தான். 'முட்டை', 'ஸ்பைடர்மேன்', 'வெத்தலை' என்றெல்லாம் சீட்டுகள் வந்தன. நடுவர் அப்புச்சி. வேல்ஸில் ஜெயித்த புனைபெயரை உரக்கச் சொல்வார்கள். அதுவரை யார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்திலிருந்து அந்த ஆள் எழுந்து நிற்க வேண்டும். அப்போது கவிஞர் தலைக்கு மேல் ஒரு பெரிய வாளைப் பாதி உருவி, "அமைதியா?" என்று மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் கூட்டம் "அமைதி!" என்று கத்திய பிறகு வாள் உறைக்குள் போகும், கவிஞர் உட்காரலாம்.

1917 செப்டம்பரில் பிர்கன்ஹெட் நகரில் அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். எழவில்லை. ஜெயித்தவர் ஹெத் வின் என்ற பெயரில் எழுதிய முப்பது வயது விவசாயி. ஐந்து வாரத்துக்கு முன், ஜூலை 31 அன்று, பெல்ஜியம் போர்க்களத்தில் இறந்துபோயிருந்தார். நாற்காலிமேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.

இதை அப்புச்சி சொல்லும்போது மாடியில் சத்தமில்லை. கடைக்குட்டி மட்டும், "அப்ப அந்தச் சேரு?" என்றது. ஹெத் வின்னின் பெற்றோரின் பண்ணை வீட்டுக்குப் போயிற்று. இன்றும் அதே வீட்டில் இருக்கிறது.

அப்புச்சி அதோடு நிறுத்தவில்லை. "வாளை உறைக்குள்ள போட்டுட்டுத்தான் கவிஞனை உக்கார வெக்கோணும்னு அவங்க சொல்றாங்க. கத்தியே எடுக்காத யுத்தத்துக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர் இந்த ஊர்லதான் பொறந்தாரு, தெரியுமா?" 1888 அக்டோபர் 19-ல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களின் வழிநடைப் பாட்டு அவருடையது. 1949-ல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர். பதினோரு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் இந்த ஊர்க்காரர் என்று தெரியும் என்று கேட்டோம். இரண்டு கை உயர்ந்தது.

ஜெயித்தது 'வெத்தலை'. எழுந்து நின்றது ஐந்தாம் வகுப்புப் பெண், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்ப்பவர் மகள். ஆடிக்கு மட்டும் வந்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிற சொந்தக்காரர்தான் ஆறு என்று எழுதியிருந்தாள். அட்டைக் கத்தி பாதி உருவப்பட்டது. "அமைதியா?" என்றாள் அக்கா மகள். வந்த பதிலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துவிட்டன.

கடைசியில் அக்கா மகள் வெல்ஷ் தேசிய கீதம் பாடினாள். 1856-ல் போன்டிபிரித் ஊரில் அப்பா சொல் எழுத, மகன் மெட்டுப் போட்ட பாட்டு. அப்பாவுக்குத் தொழில் நெசவு. காவிரிக்கு அக்கரையில் நெசவுக்குப் பேர்போன கரூர் இருப்பதால் இதைச் சொல்கிறேன். மேகாலயாவின் காசி மக்கள் இதே மெட்டில்தான் தங்கள் நாட்டுப் பாட்டைப் பாடுகிறார்கள். 1841-ல் அங்கே போன தாமஸ் ஜோன்ஸ் என்ற வெல்ஷ் பாதிரியார்தான், தன் மொழியின் எழுத்துமுறையை ஒட்டி, காசி மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்தவர்.

அக்கா மகள் ஊருக்குப் போய்விட்டாள். பையில் மனைப்பலகை கொள்ளவில்லை என்று ஒரே அழுகை. அது இப்போது 'வெத்தலை' வீட்டில் இருக்கிறது. அக்டோபர் 18 அன்று திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். மறுநாள் கவிஞர் பிறந்த நாள். அதே மாடி, சாயங்காலம் ஐந்து மணி. மோகனூர்ப் பிள்ளைகள் மட்டுமல்ல, அக்கரை வாங்கல் பிள்ளைகளும் வரலாம். தலைப்பு 'மகன்', பெண் பிள்ளைகள் 'மகள்' என்று மாற்றிக்கொள்ளலாம். நாலு வரி, புனைபெயர் கட்டாயம்.